கோயிலுக்குப் போன நீதிக்கட்சிக்காரர்

போடியில் விடியும் முன்பே ஜீப்புகளின் உறுமல் கேட்கும். தூக்குச்சட்டியோடு வந்து நிற்கும் ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். போகிறவர்களில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர் உண்டு, மாதாவைக் கும்பிடுகிறவர் உண்டு. எதையும் கும்பிடாத நம்மவரும் உண்டு. கூலி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தோழர். கிறிஸ்தவர். தேர்தல் என்றால் இரவெல்லாம் சுவர் எழுதுவார். ஒருநாள் டீக்கடையில் என்னை ஓரமாக அழைத்துப்போய், அண்ணே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், என்னை முழுக் கட்சிக்காரன் என்று ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டார். யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். அந்தக் கிண்டல்காரருக்கும் சேர்த்துத்தான் இன்று சர் ஏ.டி. பன்னீர்செல்வத்தின் கதையை எழுதுகிறேன்.

பழைய தஞ்சை மாவட்டத்துச் செல்வபுரத்தில் 1888 ஜூன் 1-இல் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம், நிலபுலம் உள்ள குடும்பம். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். புரட்சிக்காரர் அல்ல, தோழர்களே! மாதா கோயிலையும் விடவில்லை, மன்னர் அரசு கொடுத்த பட்டத்தையும் விடவில்லை. முதலில் ராவ் பகதூர், பிறகு சர். பழமையில் ஊறிய மனிதர் என்று சொன்னால் அவரே மறுத்திருக்க மாட்டார்.

ஆனால், 1924 முதல் 1930 வரை தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்து அவர் செய்த காரியம் என்ன? ஜில்லா போர்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சாலை, பாலம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, சத்திரம் எல்லாம் அதன் கையில். தஞ்சை போர்டுக்குச் சொந்தமாக ரயில் பாதைகூட இருந்தது. மாயவரம் – முத்துப்பேட்டை வண்டி 1894-லேயே ஓடியது. (நம் போடிக்கு ரயில் வந்தது 1928-இல். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். திரும்ப வர 2023 ஆகிவிட்டது. அது தனிக் கதை.)

அந்த போர்டின் பொறுப்பில் தஞ்சை மன்னர்கள் விட்டுப்போன சத்திரங்கள் இருந்தன. ஊர் வரிப்பணம், மன்னர் மானியம், மூட்டை மூட்டையாக நெல்! உண்டவர் யார்? ஒரே சாதிப் பிள்ளைகள். உழுதவன் மகன் வாசலில், உழாதவன் மகன் பந்தியில். பன்னீர்செல்வம் மேடையேறி முழங்கவில்லை. கோப்பை எடுத்தார், கையெழுத்தைப் போட்டார். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் விடுதிச் சோறு கிடைத்தது. திருவையாற்றில் வடமொழிக்கு மட்டுமே திறந்திருந்த கல்லூரியைப் பார்த்தார். கல்விக்கு என்று விட்ட சொத்தில் தமிழுக்கு இடமில்லையா? கரந்தைத் தமிழ்ச்சங்கத்து உமாமகேசுவரனார் துணை நிற்க, அங்கே தமிழும் நுழைந்தது. புலவர் பட்டம் பெற்று எத்தனை ஏழைப் பிள்ளைகள் தமிழாசிரியர் ஆனார்கள்! பொதுப் பணத்தில் கட்டிய கட்டடத்தில் பொதுமக்கள் நுழையவேண்டும். சாலை போடுவதிலும் சோறு போடுவதிலும் அவர் கொண்ட கொள்கை இவ்வளவுதான்.

1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாடு. இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் சென்றார். கிறிஸ்தவருக்குள்ளேயே அப்போது இரண்டு கட்சி. கே.டி. பால் போன்றவர்கள் பொதுத்தொகுதி போதும் என்றார்கள். பன்னீர்செல்வம் தனித்தொகுதி வேண்டும் என்றார். பெரும்பான்மையின் பெருந்தன்மையை நம்பிச் சிறுபான்மை உட்கார்ந்திருக்க முடியாது என்பது அவர் கணக்கு. சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் ஆகாகான் கையெழுத்திட்டார், ஒடுக்கப்பட்டோர் சார்பில் டாக்டர் அம்பேத்கர் கையெழுத்திட்டார், பக்கத்திலே நம் தஞ்சைக்காரரும் கையெழுத்திட்டார். தனித்தொகுதி கிறிஸ்தவனைத் தனியாக ஒதுக்கிவிடும் என்று சொன்னவர்கள் வாதத்திலும் வலு உண்டு, மறைக்கவில்லை. வகுப்புரிமைக்காக அடிபட்ட நமக்கு அவர் கணக்கு எளிதில் விளங்குகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வடக்கன்குளத்துக் கோயிலிலே சாதிக்கொரு பக்கம் என்று சுவர் வைத்துக் கட்டியிருந்தார்கள். சிலுவைக்குக் கீழேயும் சாதி! திருச்சபைக்குள் இருந்த அந்த நோயைக் கிழித்துக் காட்டியது ‘குடியரசு’ ஏடு. பன்னீர்செல்வத்தின் பெயர் நிலைத்தது சத்திரத்துப் பந்தியில். கோயில் சுவரை இடித்த கணக்கில் அல்ல.

நம் பள்ளத்தாக்குக்காரர், உத்தமபாளையம் பி.டி. ராஜன், அவருடைய கட்சித் தோழர். இவர் மாதா பக்தர். அவரோ பின்னாளில் சபரிமலைக்கு ஐயப்பன் சிலை கொடுத்தவர். இருவரும் இருந்த இயக்கத்திற்குத்தான் கடவுளை மறுத்த பெரியார் தலைவரானார்! 1938 டிசம்பரில் சென்னையில் மாநாடு. இந்தி எதிர்ப்புக்காகப் பெரியார் சிறையில். தலைவர் நாற்காலி காலி. பன்னீர்செல்வம் தமக்கு வந்த மாலையைப் பெரியார் படத்தின் அடியில் வைத்தார். தலைவர் உரையையும் அவரே படித்தார். உள்துறையை ஆண்ட சீமான், சிறைக்கைதியின் உரையைப் படிக்கிறார்! சட்டமன்றத்திலும் கட்டாய இந்தியை எதிர்த்தார்.

1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு மாண்டார்கள். 1940 பிப்ரவரி 21-இல் கட்டாய இந்தி ஒழிந்தது. ஒன்பதே நாள். மார்ச் 1. இந்திய மந்திரிக்கு ஆலோசகராக இலண்டன் செல்ல ‘ஹானிபால்’ விமானத்தில் ஏறியிருந்தார். ஓமன் வளைகுடாவின் மேல் விமானம் காணாமற் போயிற்று. அதில் இருந்தவர் எட்டுப் பேர். 1933-இல் மனைவி நாகம்மையார் மறைந்தபோதுகூட அழாத பெரியார், பன்னீர்செல்வத்துக்காகக் கலங்கியதைத் தாமே எழுதினார்.

அந்தத் தோழரிடம் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மேலே போகும் ஜீப் ஹாரன் அடித்துவிட்டது. பாதியில் ஓடினார். மீதி இதில் இருக்கிறது. தோட்டத்துக்கு ஏடு போகும்போது யாராவது அவரிடம் படித்துக் காட்டுங்கள். பன்னீர்செல்வத்தின் கல்லறை எங்கே என்று கேட்பார். கடலில் போன மனிதருக்குக் கல்லறை இல்லை என்று சொல்லுங்கள்.