கலியனின் ஊடல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வார் அவதரித்த தலம் சீர்காழியை அடுத்த திருக்குறையலூர். இளமைத் திருநாமம் நீலன். சோழனின் படைத்தலைவராயிருந்து ஆலிநாட்டின் ஆட்சியைப் பெற்றுப் பரகாலன் எனப் பெயர் கொண்டார்.

குமுதவல்லி நாச்சியாரை மணக்க விரும்பியபோது நாச்சியார் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்று ஸ்ரீவைஷ்ணவராக வேண்டும். ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 அடியார்களுக்கு அமுது செய்விக்க வேண்டும். அரசர் என்று மயங்காமல் தம் மானத்தையும் அடியார் பெருமையையும் ஒருசேரக் காத்தார் நாச்சியார். ஆழ்வாரும் தந்த வாக்கையே தம் மானமாகக் கொண்டார். சோழனுக்குச் செலுத்த வேண்டிய கப்பம் ததீயாராதனத்திற்குச் செலவாயிற்று, சிறை வாய்த்தது, காஞ்சிப் பேரருளாளன் வேகவதிக் கரையில் நிதி காட்டி மீட்டருளினான். அதுவும் தீர்ந்தபின் வழிப்பறியில் இறங்கினார். மணக்கோலத்தில் வந்த வயலாலி மணவாளனையே மறித்து, திருவடி அணியைப் பல்லால் கடித்து வாங்கினார். அப்போது கலியன் என்ற பெயரும் திருமந்திரமும் பெற்றார் என்பது குருபரம்பரை.

இவ்வாறு மணவாளனைக் கொள்ளையிட்டவர், பின்னர் பரகால நாயகியாகி, அந்த மணவாளன் தம் வளைகளைக் கவர்ந்தான் என்று வழக்குரைக்கிறார். பெரிய திருமொழி மூன்றாம் பத்தின் ஆறாம் திருமொழி அது. அதன் ஒன்பதாம் பாசுரத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமெய்யம் இடம்பெறுகிறது. மராமரங்களை எய்த வில்லாளனை மலைக்கு உரியவனே என்றழைத்து, நீ எங்களை ஆளும் முறை இதுவானால், கைவளைகளைக் கூட எங்களால் ஆள முடியவில்லையே என்கிறாள் நாயகி. காக்க வேண்டிய வில் இருந்தும் காக்கவில்லை என்பதே அவள் குறை.

இச்சினத்தைப் பூர்வர்கள் ப்ரணய ரோஷம் என்பர். அயலாரிடம் எழுவது பகை. உரியவரிடம் எழுவது ஊடல். உறவு உறுதியாக இருந்தாலன்றி ஊட முடியாது. திருவிந்தளூரில், திருமேனியைக் காட்டாத எம்பெருமானை நீரே வாழ்ந்துகொள்ளும் என்ற கருத்தில் ஆழ்வார் வெறுத்துரைத்ததும் இவ்வுரிமையினால்தான்.

மடல்களில் சினம் எல்லை கடக்கிறது. பனைமடற் குதிரை ஏறித் தன் காதலை ஊரறியச் செய்தல் ஆடவர்க்கே உரியது, பெண்டிர்க்கு ஆகாது என்பது தமிழ் மரபு. பெரிய திருமடலில் நாயகி அம்மரபை அறிந்தே விலக்கி, வடநெறியைப் பற்றுகிறாள். தன் நாணத்தை இழந்தாவது அவனைத் தெருவில் நிறுத்துவேன் என்பது அவள் துணிபு. அடைந்தவளைக் கைவிட்டான் என்ற பழி அவனையே சேருமன்றோ?

வாக்கிற்காக உலகப் பெருமையை இழந்தவர், அவனுக்காக நாணத்தையும் இழந்தார். மிஞ்சியது உறவு ஒன்றே. திருமெய்யத்தில் குடைவரையில் கிடந்தருளும் பெருமானைச் சேவிக்கும்போது, வேண்டியது கிடைக்கவில்லையே என்று மனம் சினந்தால் அஞ்ச வேண்டா. அச்சினத்தோடு அவன் ஸந்நிதியிலேயே நிற்போம். விலகிச் செல்லாதிருப்பதே கலியன் காட்டிய வழி.

கலியன் திருவடிகளே சரணம்.