வெள்ளுடை வேந்தர் சர் பிட்டி தியாகராயர்

சென்னையில் தியாகராய நகரை அறியாதார் இலர். தீபாவளி நெருங்கினால் பட்டுப் பாவாடை வாங்க நம் பெற்றோர் அங்குதானே நம்மை அழைத்துச் செல்கின்றனர்? ஆனால் அந்நகருக்குப் பெயர் தந்த பெருமகனார் நம் வடசென்னைக்காரர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்! திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ இரயிலில் வரும் தோழியர், வண்ணாரப்பேட்டை வருமுன் சர் தியாகராயா கல்லூரி நிலையத்தின் பெயரை நாள்தோறும் கேட்கின்றனர். அப்பெயருக்கு உரியவரைப் பற்றியே ஈண்டுக் காண்போம்.

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். நெசவும் தோல் வாணிகமும் செய்து செழித்த குடும்பம் அவருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டம் பெற்றவர்களுக்கு அரசுப் பதவிகள் காத்திருந்தன. அவரோ குடும்பத் தொழிலையே மேற்கொண்டார். எப்போதும் வெள்ளை வேட்டியும் வெள்ளை அங்கியும் அணிந்தமையால் மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்றே அழைத்தனர்.

1882இல் சென்னை நகராட்சியில் உறுப்பினராகி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். இடையில் 1897இல் வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் மறைந்த பின் 1950இல் அவர் பெயராலேயே கல்லூரியும் எழுந்தது. 1916இல் டாக்டர் நடேசனார், டாக்டர் டி.எம். நாயர் ஆகியோருடன் இணைந்து, நீதிக்கட்சி என்று பின்னர் அழைக்கப்பட்ட இயக்கத்தை நிறுவினார். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றது. முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். நம்மில் பலர் வகுப்புத் தலைவி பதவிக்கே சண்டையிடுவதை எண்ணிப் பார்த்தால் சற்று நாணமாகத்தான் இருக்கிறது!

நாம் பெரிதும் கூற விழைவது இனிமேல்தான் வருகிறது.

தியாகராயர் மாநகராட்சியின் தலைவராய் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளின் வருகை மிகக் குறைவாயிருந்தது. கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தனர், பிள்ளைகள்தாம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகள் பசியோடு இருந்தனர். பசித்த வயிற்றோடு எந்தக் குழந்தைதான் பாடம் கேட்கும்? ஆகவே அவர்களுக்குப் பள்ளியிலேயே உணவு அளிக்க வேண்டும் என்று மாநகராட்சி மன்றத்தில் எடுத்துரைத்தார். 1920 செப்டம்பரில் மன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவிற்கு மேல் செலவு செய்யலாகாது என்பது நிபந்தனை. ஓர் அணா என்பது ஒரு ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இத்திட்டம் பரவியது. உணவு வழங்கிய பள்ளிகளில் 1922-23ஆம் ஆண்டில் 811ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 1924-25இல் 1671ஆக உயர்ந்தது. இரு மடங்கிற்கும் மேல்! ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குப் பணம் எடுக்கலாகாது என்று ஆங்கில அரசு தடுத்துவிட்டது. 1925 ஏப்ரல் முதல் நாள் முதல் உணவு நின்றது. அதே மாதம் 28ஆம் நாள் தியாகராயரும் மறைந்தார். தாம் ஏற்றிய அடுப்பு அணைந்ததை அறிந்தே அவர் கண்மூடினாரோ என்று எண்ணும்போது எங்கள் நெஞ்சம் கனத்தது.

காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியதையும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்ததையும் யாவரும் அறிவர். 2022இல் காலை உணவும் வந்தது.

இவ்வரலாற்றை எங்களுக்கு எங்கள் வகுப்புச் சிஸ்டர் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு கிறிஸ்துமசுக்கு முன், தின்பண்டக் காசை மிச்சப்படுத்தி, காசிமேட்டுக்கு அருகே ஒரு குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஜாமெட்ரி பாக்சுகள் வாங்கிச் சென்றோம். பாட்டுப் பாடினோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். பெருமையோடு திரும்பினோம். மறுநாள்தான் தெரிந்தது, பெற்றுக்கொண்டவர்களில் இரு சிறுமியர் பள்ளிக்கே போவதில்லை என்று! ஜாமெட்ரி பாக்சை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? நாங்கள் கேட்கவே இல்லையே என்று வெட்கினோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தியாகராயரின் கதையைச் சொல்லிவிட்டு, மீண்டும் அங்குப் போய் வாருங்கள் என்றார்கள், இம்முறை வெறுங்கையோடு.

போனோம். அவ்விருவரின் தாய்மாரும் விடியற்காலை மூன்று மணிக்கே மீன் ஏலத்திற்குச் சென்றுவிடுகின்றனர். அவர்கள் திரும்பும் வரை வீட்டில் அடுப்பு எரிவதில்லை. ஒருத்திக்கு ஏழு வயது, மற்றவளுக்கு ஒன்பது. அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் காலையில் உணவு தருகிறார்கள் என்பதை அத்தாய்மாரிடம் எடுத்துக் கூறினோம். தலைமையாசிரியை அம்மையாரைச் சிஸ்டரே நேரில் சென்று பார்த்தார்கள். சூன் மாதம் சின்னவள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். காலையில் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டதாக எங்களைக் கண்டதும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

பெரியவள் இன்னும் சேரவில்லை. அவள் இடுப்பில் ஒரு தம்பி இருக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அந்த வீதியில் பால்வாடி எங்கிருக்கிறது, கைக்குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை சனிக்கிழமைதோறும் எங்களில் இருவர் சென்று அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறோம். தம்பி அந்த ஜாமெட்ரி பாக்சைத் தட்டி ஓசையெழுப்பி விளையாடிக்கொண்டிருப்பான்.