வானைக் காணக் கண் சமைத்தவர்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் வேளை எது என்பது பற்றி ஆண்டுதோறும் நம் வீடுகளில் ஒரு சிறு வழக்கு எழுவதுண்டு. கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தை எடுத்துக்காட்டுவர் ஒரு சாரார். திருக்கணிதமே செம்மையானது என்பர் மற்றொரு சாரார். வாக்கியம் என்பது முன்னோர் வகுத்த வாய்பாட்டின் வழியே கணிப்பது. திருக்கணிதம் என்பதன் முன்னே நிற்கும் சொல், கண் எனப் பொருள்படும் வடசொல்லாகும். கண்ட காட்சியோடு ஒத்துவரத் திருத்திய கணக்கு என்பதே கருத்து. அதனைத் தமிழ்த் 'திரு' எனக் கொண்டு அழகிய கணிதம் என உரைகூறும் மாணாக்கரை யான் பலமுறை திருத்தியிருக்கின்றேன்.

கணக்கிலே நம்மவர் குறைந்தவரல்லர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய அலன் ஆபிரகாம், 1910 இல் தோன்றிய ஹலியின் வால்வெள்ளியின் போக்கைக் கணித்துப் புகழ்பெற்றார். ஆயின், கணக்கைச் சரிபார்க்கும் கண்ணாகிய கருவியைச் சமைப்பது வேறொரு தொழில். கை காய்க்கும் அத்தொழிலுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் வைணு பாப்பு.

மலையாளக் குடும்பத்தவராகிய பாப்பு, 1927 ஓகஸ்ட் 10 ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வு நிலையத்திற் பணிபுரிந்தவர். ஆதலால் ஏனைய சிறுவர் பட்டமும் பந்துமாய்த் திரிந்த பருவத்தில் இவர் தொலைநோக்கியின் அருகிலேயே வளர்ந்தார். பௌதிகத்திற் பட்டம் பெற்றபின் ஹைதராபாத் அரசின் உதவிநிதி கொண்டு அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் புகுந்தார். சென்ற சில மாதங்களுள், 1949 யூலையில், தாம் எடுத்த வான்படத்தில் அதுகாறும் எவரும் அறியாத வால்வெள்ளியொன்றைக் கண்டார். பாப்பு-பொக்-நியூகேர்க் என்று அவர் பெயரோடு ஆசிரியர் பெயரையும் தோழர் பெயரையும் சேர்த்து அது வழங்கப்படுகின்றது.

1952 இல் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பலோமர் மலைக்குச் சென்றவர், ஆங்கு ஒலின் வில்சன் என்பாருடன் கூடிச் செய்த ஆய்வே அவருடைய பெயரை நூல்களில் நிலைபெறுத்தியது. உடுக்களின் ஒளியைப் பகுத்து நிறமாலையாக்கினால், அதில் கல்சியத்துக்குரிய கருங்கோடொன்று தோன்றும். குளிர்ந்த உடுக்களில் அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்றும் இருக்கும். அக்கீற்று எத்துணை அகன்றதோ, அத்துணை ஒளிமிக்கது அவ்வுடு என்பதை இருவரும் கண்டனர். விளக்கின் உண்மையொளி தெரிந்துவிட்டால், அது மங்கித் தோன்றும் அளவைக்கொண்டு தொலைவை அறிந்துவிடலாமன்றோ? 1957 இல் வெளிவந்த இம்முடிபு வில்சன்-பாப்பு விளைவு என வழங்குகின்றது.

இத்துணை பெற்றவர் அங்கேயே தங்கியிருப்பின் இன்னும் பல ஆய்வுகளைச் செய்திருப்பார் என்று சொல்வோர் உளர். அவர் கூற்றைப் பொய்யென்று தள்ள என்னால் இயலவில்லை. உலகின் மிகச் சிறந்த தொலைநோக்கி ஆங்கிருந்தது. ஈண்டோ நல்ல கருவி அரிது. எனினும் அவர் திரும்பினார். 1954 இல் உத்தரப்பிரதேசத்தில் தொடங்கப்பெற்ற ஆய்வுநிலையத்தில் அமர்ந்து, அதனை நைனிதால் மலையில் நிலைநாட்டினார். 1960 இல், முப்பது வயதைச் சிறிதே கடந்த நிலையில், கோடைக்கானல் ஆய்வுநிலையத்தின் பொறுப்பை ஏற்றார்.

1899 இல் நிறுவப்பெற்ற கோடைக்கானல் ஞாயிற்றை ஆராய்வதிற் பேர்போனது. இரவு வானை ஆராய அங்கு முகில் இடங்கொடாது. வேறிடம் தேடிய பாப்பு, வாணியம்பாடியை அடுத்த சவ்வாது மலையில், சந்தனம் வளரும் காட்டினூடே, காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தார். (காவலூர் என்றதும் நம்மவர்க்கு ஊர்காவற்றுறை நினைவுக்கு வரும், இஃது அதுவன்று.) நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தென்வானின் பெரும்பகுதியும் ஆங்கிருந்து தெரியும். கோடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பெற்ற 38 சென்ரிமீற்றர்த் தொலைநோக்கி 1968 இல் ஆங்கு நிறுவப்பட்டது. 1972 இல் ஜேர்மனியின் ஜேனா நகரிலிருந்து 102 சென்ரிமீற்றர்க் கருவி வந்தது. அதே ஆண்டு யூன் 7 இல், வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஓர் உடுவை மறைத்தபோது நிகழ்ந்த ஒளிமாற்றத்தைக் காவலூரிலும் சாவகத்திலும் அளந்து, அத்துணைக்கோளுக்கு வளிமண்டலம் உண்டென உய்த்துணர்ந்தனர். அவ்வளி அன்று மதித்ததிலும் மிக மெலிது என்பது பின்னர்த் தெரியவந்தது. 1977 மார்ச்சு 10 இல் யுரேனசின் வளையம் உடுவொன்றை மறைத்த கணமும் காவலூரிற் பதிவாயிற்று.

இதற்கிடையே 1971 இல், கோடைக்கானல் நிலையம் இந்திய வானியற்பியல் நிறுவனமாகத் தன்னாட்சி பெற்றது. விலைகொடுத்து வாங்கிய கருவியால் பாப்புவின் உள்ளம் நிறைவெய்தவில்லை. 234 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கியை நாட்டிலேயே செய்வதெனத் துணிந்தார். கண்ணாடியைப் பெங்களூரில் நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்தனர். உலோகச் சட்டகம் மகாராட்டிரத்து வால்சந்த்நகரில் உருவாயிற்று. கண்ணாடி தேய்ப்பதென்பது அம்மி கொத்துவது போன்றதன்று. ஒளியலையின் நீளத்திலும் சிறிய பிழை நின்றாலும் உடு உருக்குலைந்து தோன்றும். குறையத் தேய்த்தால் மீண்டும் தேய்க்கலாம். ஓரிடத்தில் கூடத் தேய்த்துவிட்டாலோ, ஏனைய பரப்பு முழுவதையும் அதற்கேற்பத் தாழ்த்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் நடந்தது அவ்வேலை.

1979 இல் சர்வதேச வானியற் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அப்பதவியிலமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1982 ஓகஸ்டில் கிரேக்க நாட்டுப் பத்ராஸ் நகரிற் கூடிய பேரவைக்கு அவர் தலைமை தாங்கியிருத்தல் வேண்டும். அந்நாள்களில் அவரோ மியூனிக் நகரில் நோயுற்றுக் கிடந்தார். இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் தேறாது, பேரவை நடந்துகொண்டிருக்கையிலேயே 19 ஆம் நாள் உயிர்நீத்தார். ஐம்பத்தைந்து வயது நிரம்பி ஒன்பது நாளே ஆகியிருந்தன. பெரிய தொலைநோக்கி அப்போது நிறைவுறவில்லை.

1986 சனவரி 6 ஆம் நாள், பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கும் காவலூர் நிலையத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஈராண்டின் பின் காவலூரிற் கண்டறியப்பட்ட சிறுகோளொன்றுக்கு இராமானுஜன் என்று பெயரிட்டனர்.

ஊதாக்கடந்த கதிர்களின் பெரும்பகுதியை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், எம்மலையுச்சியில் ஏறினும் அவற்றைக் காண்டல் அரிது. அக்கதிர்களைக் காண்பதற்கெனப் பாப்பு வளர்த்த நிறுவனத்தார் பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டையில் இணைத்தொலைநோக்கி ஒன்றை உருவாக்கினர். 2015 செப்தெம்பர் 28 இல் அஸ்ட்ரோசற் என்னும் செய்மதி அதனைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏகிற்று. அவ்விரு தொலைநோக்கிகளுள் ஒவ்வொன்றின் விட்டமும் ஏறக்குறைய 38 சென்ரிமீற்றர். 1968 இல் கோடைக்கானல் பட்டறையினர் காவலூருக்குக் கொணர்ந்த முதற் கருவியின் அளவே அது.