காலணி தைப்பவர் மகன் கணித மேதை ஜார்ஜ் பூல்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815 நவம்பர் 2ஆம் நாள் ஜார்ஜ் பூல் பிறந்தார். தந்தையார் காலணி தைப்பவர். தொழிலைக் காட்டிலும் தொலைநோக்கி செய்வதில் நாட்டம் மிக்கவர். தொழில் நொடிந்தது. குடும்பத்தைத் தாங்க 16ஆம் வயதிலேயே பூல் உதவி ஆசிரியரானார். 19இல் சொந்தப் பள்ளி தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளையும் உயர்கணிதத்தையும் தம் முயற்சியாலேயே கற்றார். பட்டமில்லாத அவரை 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் குயின்ஸ் கல்லூரி கணிதப் பேராசிரியராக்கியது. ஆசிரியர்களாகிய எமக்கு இதனினும் இனிய செய்தி உண்டோ!

சிந்தனையின் விதிகளை ஆராய்ந்து 1854இல் அவர் வெளியிட்ட நூல், பொருள்தொகுதிகளை இணைப்பதையும் விலக்குவதையும் இயற்கணிதக் குறிகளால் செய்துகாட்டியது. மழையில் நனைந்த உடையோடு பாடம் நடத்தி நோயுற்றவர், 1864 டிசம்பர் 8இல், 49ஆம் வயதில் மறைந்தார்.

இன்று நூலகக் கணிப்பொறியில் ஆய்வுக் கட்டுரை தேடும் நம் மாணவர்க்கு அக்கணிதமே துணை. காசநோய், குழந்தை என்னும் சொற்களை ‘ஆண்ட்’ கொண்டு இணைத்தால் இரண்டும் உள்ளவை மட்டுமே வரும், குவியல் குறையும். அந்நோயை டியூபர்குலோசிஸ் என்றும் டிபி என்றும் எழுதுவர். இரண்டையும் ‘ஆர்’ கொண்டு இணைத்தால் ஒன்றும் தப்பாது. ‘நாட்’ என்பதை மட்டும் அஞ்சிக் கையாளுக. மாட்டை விலக்கச் சொன்னால், மாட்டையும் மனிதரையும் ஒருங்கே ஆராய்ந்த நல்ல கட்டுரையும் உடன் போய்விடும்.