உள்ளத்துக்கும் மருந்து சொன்ன பெரியார் அபூ ஸைத் அல்பல்கீ

காய்ச்சல் வந்தால் வைத்தியரைத் தேடிப் போகிறோம். கை பிசகிவிட்டால் எண்ணெய் போட்டு நீவுகிறோம். வயிறு வலித்தால் வீட்டில் சுக்கு இருக்கிறதா, ஓமம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இதையெல்லாம் ஈமானுக்குக் குறை என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால், அதே வீட்டில் ஒருவர் காரணமே தெரியாமல் நெஞ்சு படபடக்கிறது, ஏதோ கெடுதல் வரப் போகிறது என்று பயமாக இருக்கிறது, இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். உடனே நாம் என்ன சொல்கிறோம்? அல்லாஹ்வின் மீது நம்பிக்கை குறைந்துவிட்டது என்கிறோம். வேலையைப் பார், எல்லாம் சரியாகிவிடும் என்கிறோம். அத்துடன் அவர் வாய் அடைத்துப் போகிறது. நோய் மட்டும் உள்ளே இருந்து வளர்கிறது.

இப்படி வாயடைத்துப் போனவர்களுக்காகவே ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முஸ்லிம் அறிஞர் நூல் எழுதி வைத்தார்கள். உடலுக்கு மருந்து இருப்பது போல உள்ளத்துக்கும் மருந்து உண்டு, அந்த மருந்தைப் பல வேளைகளில் இன்னொருவரின் வாயிலிருந்துதான் பெற வேண்டியிருக்கும் என்று விளக்கினார்கள். அன்னார்தாம் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ.

ஆசிரியரின் மகன்

ஹிஜ்ரி 235, அதாவது கி.பி. 850-ஐ ஒட்டிய காலத்தில், குராஸான் நாட்டில் பல்கு நகரைச் சார்ந்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் அவர்கள் பிறந்தார்கள். அந்தப் பகுதி இன்று ஆப்கானிஸ்தானின் வடபுறத்தில் இருக்கிறது. தந்தை ஸிஜிஸ்தானைச் சேர்ந்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தவர். செல்வமோ அரச குலப் பெருமையோ அந்த வீட்டில் இல்லை. மகனும் தொடக்கத்தில் தந்தையின் தொழிலையே செய்தார்கள்.

ஆனால், கல்வித் தாகம் அவர்களை ஊரில் இருக்க விடவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட கூட்டத்தாருடன் சேர்ந்து, கால்நடையாகவே இராக் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே எட்டு ஆண்டுகள் தங்கினார்கள். அரபுத் தத்துவ மேதை என்று பெயர் பெற்ற அல்கிந்தியிடம் பாடம் கேட்டார்கள். தத்துவம், வானவியல், மருத்துவம், மார்க்கக் கல்வி ஆகிய அனைத்தையும் தேடித் தேடிப் படித்தார்கள். பின்னர் ஹிராத் வழியாகப் பிறந்த மண்ணுக்கே திரும்பினார்கள்.

நடுத்தர உயரம், முகத்தில் அம்மைத் தழும்பு, அதிகம் பேசாத சுபாவம், ஆனால் பார்ப்பவர்களுக்கு மரியாதை தோன்றும் தோற்றம். வரலாற்று ஆசிரியர்கள் அவர்களை இவ்வாறுதான் வருணிக்கிறார்கள். ஏறத்தாழ அறுபது நூல்கள் அன்னாரின் பெயரால் சொல்லப்படுகின்றன. குர்ஆனின் சொல்லமைப்பைப் பற்றி எழுதிய நூலை அறிஞர்கள் மிகவும் மெச்சினார்கள். உலகப் படங்கள் வரைவதில் அவர்கள் காட்டிய வழியைப் பின்பற்றித்தான் அல்இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் போன்ற பூகோள அறிஞர்கள் தங்கள் நூல்களை இயற்றினார்கள். அந்த நூல்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் அழிந்து போயின.

தம் அளவை அறிந்தவர்

பல்கை ஆண்ட அஹ்மத் இப்னு ஸஹ்ல் என்ற தலைவர் அவர்களை அழைத்து அமைச்சர் பதவி தருவதாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் ஏற்றிருப்பார்கள். அன்னார் மறுத்துவிட்டார்கள். அபுல் காஸிம் அல்கஃபீ என்ற நண்பர் அமைச்சரானார். இவர்கள் அவருக்குக் கீழே எழுத்தர் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். அமைச்சருக்கு மாதம் 1000 திர்ஹம், எழுத்தருக்கு 500 திர்ஹம் சம்பளம். நண்பரோ தம் சம்பளத்தில் 100 திர்ஹத்தைக் குறைத்து, அதை இவர்கள் சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்கும்படி பொருளாளரிடம் சொல்லி வைத்தாராம். நல்ல நண்பர் அமைவதும் அல்லாஹ்வின் அருட்கொடை அல்லவா!

பின்னர் ஒரு நாள் ஸாமானிகளின் தலைநகரான புகாராவிலிருந்து அழைப்பு வந்தது. குராஸானை ஆளும் அமீரே அவர்களது யோசனையை நாடி வரச் சொன்னார். புறப்பட்டுப் போனார்கள். வழியில் ஜைஹூன் நதி குறுக்கிட்டது. அதன் அகலத்தையும், புரண்டு வரும் அலைகளையும், இழுத்துச் செல்லும் வேகத்தையும் பார்த்தார்கள். படகில் ஏற மனம் துணியவில்லை. அங்கிருந்தபடியே அமீருக்குக் கடிதம் எழுதினார்கள். தம்மிடம் நல்ல யோசனை இருக்கிறது என்பதற்காக அழைத்திருந்தால், இந்த ஆற்றைக் கடக்க வேண்டாம் என்பதுதான் அந்த யோசனை சொல்வது என்று விளக்கம் சொன்னார்கள். கடிதத்தைப் படித்த அமீர், ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். அச்சத்துக்கு மருந்து எழுதியவரே ஆற்றைக் கண்டு திரும்பினாரா என்று கேட்கக்கூடும். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. பயம் எல்லோருக்கும் வரும்; கற்றவருக்கும் வரும். ஒவ்வொரு மனிதரும் தம் உள்ளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அறிந்து நடக்க வேண்டும் என்று அவர்கள் நூலில் எழுதியிருக்கிறார்கள். அமைச்சர் பதவியை மறுத்தபோதும், ஆற்றங்கரையிலிருந்து திரும்பியபோதும், அவர்கள் தம் அளவை ஒளிக்காமல் வெளியே சொன்னார்கள். அப்படிச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு இருக்கிறது?

உடலும் உள்ளமும்

அந்த நூலின் பெயர் மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை என்று பொருள். அதில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. முதல் பாகம் உடலைப் பற்றியது. இரண்டாம் பாகம் எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தைப் பற்றியது.

அக்கால வைத்தியர்கள் மருந்து கொடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். உள்ளத்தின் நோயைக் கவனிக்கவில்லை. இதை அன்னார் குறையாக எடுத்துச் சொல்கிறார்கள். உடல் நோயுற்றால் சிந்தனை தடுமாறுகிறது. உள்ளம் நோயுற்றால் உணவும் உறக்கமும் ருசிப்பதில்லை, நாளடைவில் உடலும் நலிகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து. உடல் நோய்களில் பல சிலருக்கு ஆயுளில் ஒரு முறைகூட வருவதில்லை. ஆனால் கவலை, கோபம், பயம் ஆகியவற்றிலிருந்து தப்பியவர் யாருமில்லை. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோபம், பயம், துயரம், வஸ்வாஸ் என்று நான்கு நோய்களை எடுத்துக்கொண்டு தனித்தனி அத்தியாயம் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் முன்னோடி கவலைதான் என்றார்கள். நடந்துவிட்டதை எண்ணி உள்ளம் வருந்தினால் அது துயரம். நடக்கப் போவதை எண்ணி நடுங்கினால் அது பயம்.

மூடுபனியும் பயமும்

பயத்துக்கு அவர்கள் சொல்லும் உவமை எளிமையானது. வறண்ட நாட்டிலிருந்து வந்த ஒருவர், வாழ்நாளில் முதன்முறையாக மூடுபனியைப் பார்க்கிறார். எதிரே சுவர் போல ஏதோ நிற்கிறது, அதற்குள் போனால் மூச்சு விட முடியாது என்று எண்ணி நடுங்குகிறார். உள்ளே நுழைந்த பின்னரே, அது ஈரம் கலந்த வெறும் காற்று, தாம் வழக்கமாகச் சுவாசிக்கும் காற்றுதான் என்று அவருக்குத் தெரிகிறது. நாம் அஞ்சுகிறவற்றில் பலவும் இப்படித்தான் என்கிறார்கள் அன்னார். தூரத்தில் இருக்கும் வரை சுவர். அருகில் போனால் காற்று.

ஆகவே பயப்படும் பொருளைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணும் காதும் அஞ்சுவதை விட்டு ஓடிக்கொண்டே இராமல், மீண்டும் மீண்டும் பார்த்தும் கேட்டும் பழகிக்கொள்ள வேண்டும். பழகப் பழகப் பயம் தேயும். இன்றைய மனநல நிபுணர்களும் பதற்ற நோய்க்கு ஏறக்குறைய இதே வழியைக் கையாளுகிறார்கள். நோயாளியின் எண்ணத்தை அவரோடு உட்கார்ந்து ஆராய்கிறார்கள். அவர் அஞ்சுவதைச் சிறிது சிறிதாகப் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மருத்துவர், எண்ணத்தைத் திருத்தி மனத்தைக் குணப்படுத்தும் முறையை 1960-களில் வகுத்தார்.

தனக்குத் தானே வைத்தியரா?

இனி நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான விஷயத்துக்கு வருகிறோம். உள்ளத்தின் நோய்க்கு இரண்டு வகை உதவிகள் உண்டு என்று அன்னார் பிரிக்கிறார்கள். ஒன்று உள்ளிருந்து வருவது. மற்றது வெளியிலிருந்து வருவது.

உள்ளிருந்து வருவது நல்ல சிந்தனை. அவசரத்துக்கு உதவும் என்று வீட்டில் மருந்து வாங்கி வைக்கிறோம் அல்லவா? அதுபோல மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். கலங்கும் வேளையில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். இந்த உலகம் எல்லோரும் விரும்பியதெல்லாம் கிடைக்கும் இடமாகப் படைக்கப்படவில்லை என்பது அத்தகைய எண்ணங்களில் ஒன்று.

வெளியிலிருந்து வருவது மற்றவரின் ஆலோசனை. இன்று கவுன்சலிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கலங்கிய மனம் தன் கலக்கத்திலேயே மூழ்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அதன் சிந்தனை சரியாக ஓடாது. மேலும், மனிதன் தன் சொல்லைவிடப் பிறர் சொல்லையே எளிதில் ஏற்றுக்கொள்கிறான். வைத்தியரே நோயில் விழுந்தால் இன்னொரு வைத்தியரை அழைக்கிறார். அப்படியிருக்க, மனம் நொந்தவரை மட்டும் தன்னைத் தானே தேற்றிக்கொள் என்று விட்டுவிடுவது எந்த நியாயம்?

உளூச் செய்து முடித்தும் திருப்தி வராமல் மறுபடி மறுபடி கை கால் கழுவுகிறவர்களையும், தக்பீர் கட்டிக் கட்டி அவிழ்க்கிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். வஸ்வாஸைப் பற்றிய அத்தியாயத்தில் அன்னார், தனிமையும் வேலையற்றிருப்பதும் இந்த நோயை வளர்க்கும் என்று எச்சரிக்கிறார்கள். இத்தகையவர் மனிதர்களோடு சேர்ந்திருக்க வேண்டும். தம்மை வாட்டும் எண்ணத்தை நம்பிக்கையானவரிடம் சொல்ல வேண்டும். கேலி பேசி அவரைத் தனி அறைக்குள் தள்ளுகிறோமே, அது நோய்க்கு நாம் ஊற்றும் எண்ணெய்.

பேச்சினால் மட்டும் எல்லாம் தீரும் என்றும் அவர்கள் சொல்லவில்லை. துயரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று காரணம் தெரிந்தது, மற்றது காரணம் தெரியாதது. பின்னதற்கு உடலிலும் காரணம் இருக்கும், ஆகவே உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார்கள். இன்றும் சிலருக்கு ஆலோசனை போதும்; சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டதாக ஒருவர் சொன்னால், ஒரு நாளும் தாமதிக்காமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஈமானுக்குக் குறையா?

ஹழ்ரத் யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் அழுதழுது கண் வெளுத்துப் போனதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. அவர்களுடைய ஈமானில் குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அந்த துஆவை நம் பிள்ளைகளும் ஓதுகிறார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் நோய்க்கு வைத்தியம் செய்துகொள்ளும்படியும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியும் கற்றுத் தந்தார்கள். துஆவும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள் ஹிஜ்ரி 322-இல், கி.பி. 934-இல், மறைந்தார்கள். அவர்கள் நூலின் கையெழுத்துப் பிரதிகள் இஸ்தான்புல் நகரின் அயா சோஃபியா நூல் தொகுதியில் நெடுங்காலம் இருந்தன. துருக்கி அறிஞர் ஃபுஆத் ஸெஸ்கின் 1984-இல் அதை அப்படியே படமெடுத்து அச்சிட்டார். சூடானைச் சேர்ந்த மனநல அறிஞர் மாலிக் பத்ரி, உள்ளத்தைப் பற்றிய பாகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 2013-இல் வெளியிட்டார். அதன் பின்னரே நம்மவரில் பலருக்கு இப்படி ஒரு செல்வம் இருப்பது தெரிய வந்தது.

இன்று உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் பேசாமல் ஒடுங்கி இருக்கிறாரா? பக்கத்தில் உட்காருங்கள். உபதேசத்தைத் தள்ளி வையுங்கள். முதலில் காது கொடுங்கள். அவர் சொன்னதை ஊரில் பரப்பாமல் அமானிதமாகப் பேணுங்கள். உங்களால் தீராது என்று தெரிந்தால், கற்றறிந்த மனநல ஆலோசகரிடம் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். ஒருவேளை அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், வாய் திறந்து சொல்லுங்கள். ஜைஹூன் நதிக்கரையில் நின்று தம் மனத்தில் இருந்ததை ஒளிக்காமல் எழுதிய பெரியாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலங்கிய உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியைத் தருவானாக! அவற்றைத் தேற்றும் நாவையும் பொறுமையையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.