வீழ்ந்த வீரனும் தாங்கிய தோழனும்

விளையாட்டு வீரரின் வரலாறு என்றாலே வெற்றிக் கோப்பைகளின் வரலாறு என்று எண்ணுவோர் உண்டு. கூடைப்பந்தில் நாட்டம் கொண்ட என் நெஞ்சில் நிலைத்திருப்பவரோ மூன்றே ஆண்டுகள் ஆடிய ஒருவர். அவர்தாம் மாரிஸ் ஸ்டோக்ஸ்.

1933-ஆம் ஆண்டு ஜூன் 17-இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த ரேங்கின் என்னும் ஊரில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் பயின்று, 1955-இல் ரோச்செஸ்டர் ராயல்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பின வீரர்கள் என்.பி.ஏ. போட்டிகளில் ஆடத் தொடங்கி அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுக வீரராகத் தேர்வு பெற்றார். அடுத்த ஆண்டு, கூடையில் விழாது திரும்பிய பந்துகளை 1,256 முறை பற்றி, அதுவரை எவரும் எட்டாத சாதனை படைத்தார். 1957-இல் அணி சின்சினாட்டிக்கு மாறியது.

1958 மார்ச் 12. மினியாபொலிஸ் ஆட்டத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு நினைவிழந்தார். மருந்தை முகரச் செய்து எழுப்பினர், மீண்டும் ஆடினார். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டிலும் ஆடினார். ஊர் திரும்பும் விமானத்தில் வலிப்புக் கண்டது. உணர்வற்ற நிலையில் கிடந்து கண் விழித்தபோது உடல் செயலற்றிருந்தது. அறிவு மட்டும் தெளிவாகவே இருந்தது!

மருத்துவச் செலவோ மலையளவு. அப்போது முன்வந்தார் அணித்தோழர் ஜாக் டுவைமன். ஸ்டோக்ஸைவிட ஓராண்டு இளையவர், வெள்ளையர். நீதிமன்றத்தின் வழியே சட்டப்படி காப்பாளரானார். வழக்காடித் தொழிலாளர் இழப்பீடு பெற்றுத் தந்தார். ஆண்டுதோறும் நன்கொடை ஆட்டம் நடத்தி நிதி திரட்டினார். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் இமைப்பார். இவ்வாறே இருவரும் பேசிக்கொண்டனர். இத்தனைக்கும் இடையே 1959-60-இல் ஆட்டத்துக்குச் சராசரி 31 புள்ளிகளுக்கு மேல் குவித்தார் டுவைமன்.

பன்னிரண்டு ஆண்டுகள் போராடிய ஸ்டோக்ஸ், 1970 ஏப்ரல் 6-இல், 36-ஆம் வயதில் மறைந்தார். 2004-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றபோது, அச்சிறப்பை ஏற்றவர் டுவைமனே. 2013 முதல் சிறந்த அணித்தோழருக்கு என்.பி.ஏ. வழங்கும் விருது இருவர் பெயரையும் தாங்குகிறது.

ஆடுகளத்தில் இறங்கும் நண்பர்களே! தலையில் அடிபட்டவரை அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறக்கலாகாது என்பதை இன்றைய மருத்துவம் வலியுறுத்துகிறது. ஸ்டோக்ஸின் காலத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. தோழன் எழுந்து நின்றுவிட்டான் என்பதற்காக அவனை ஆட விடுவது வீரமன்று. அவனை அமர வைத்து, அருகிருந்து காப்பதே தோழமை என்பேன்.