எரிமலை வாயிலில் ஒரு வாழ்வு

சாவின் வாயிலிலே சென்று குடியேறும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அத்துணிவு மிக்கவர் தாமஸ் ஜாகர். 1871-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்த இவர், மண்ணியல் பயின்று பேராசிரியரானார்.

1902-இல் மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலை வெடித்து ஏறத்தாழ 28,000 உயிர்களைக் குடித்தது. அங்குச் சென்ற ஜாகர், சாம்பல் மேடாகிவிட்ட செயின்ட் பியேர் நகரைக் கண்டார். வெடித்த பின் வந்து பார்ப்பதால் பயனில்லை; மலையருகே தங்கி அதன் நாடித் துடிப்பை நாள்தோறும் கணிக்க வேண்டும் எனத் தெளிந்தார்.

1912-இல் ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை விளிம்பில் ஆய்வுக்கூடம் அமைத்தார். சிறைக்கைதிகள் தோண்டிய நிலவறையில் நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் நிறுவப்பட்டன. பாறைக்குழம்பு வழிதேடி நெருக்க, பாறைகள் விரிசலுறும். அப்போது எழும் சிற்றதிர்வுகளை, மனிதர் உணராதவற்றையும், அவை வரைந்து காட்டின.

1923-இல் கம்சட்கா நிலநடுக்கத்தைப் பதிவில் கண்டு, பேரலை வருமென எச்சரித்தார். அதனை யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை. ஹிலோ துறைமுகத்தில் அலை புகுந்தது, உயிரும் பறிபோயிற்று. அவர் சோர்ந்தாரில்லை; 1940 வரை பணியைத் தொடர்ந்தார். 1953-இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய பதிவு நூறாண்டு கடந்தும் தொடர்கிறது. பூமி முதலில் மெல்லத்தான் பேசுகிறது. செவிசாய்ப்பதே அறிவு.